கேன்வாஸ் தொய்கிறதா, சட்டம் முறுக்குகிறதா? ஸ்ட்ரெச்சர் கட்டைக் கோளாறுகளும் தீர்வுகளும்

படம் தொய்ந்தாலும், கோடு விழுந்தாலும், கறை படிந்தாலும் கேன்வாஸைப் பிரிக்க அவசரப்படாதீர்கள். படத்தைத் திருப்பிப் போட்டு, துணியை இழுத்துப் பிடித்திருக்கும் மரச்சட்டத்தை முதலில் பாருங்கள். கேன்வாஸ் மாற்றியும் அதே கோளாறு திரும்ப வந்தால், அது கட்டையில் இருக்கிறது என்று அர்த்தம்.

கையில் இருக்க வேண்டியவை: மூலைமட்டம், டேப், மூன்று மீட்டர் தையல் நூல், பழைய விசிட்டிங் கார்டு ஒன்று, சின்னச் சுத்தி, டார்ச். படத்தைக் கவிழ்த்து வைக்க மடிப்பில்லாத பெட்ஷீட். இங்கே 'நூல்' என்று அளவாக வரும் இடமெல்லாம் ஆசாரி கணக்கில் ஒரு இஞ்சில் எட்டில் ஒன்று, அதாவது ஏறத்தாழ 3 மி.மீ.

எதற்கும் முன்னால் ஒரு கேள்வி. உங்களிடம் இருப்பது ஆப்பு வைத்த ஸ்ட்ரெச்சரா, ஆணி அடித்த சட்டமா? உள்மூலைகளில் மூலைக்கு இரண்டாக எட்டு ஆப்பு இருந்தால், அல்லது ஆப்பு நுழையும் வெட்டாவது இருந்தால், அது ஸ்ட்ரெச்சர். மூலைகளை விரித்துத் துணியை விறைப்பாக்கலாம். பசை போட்டோ நெளித்தகடு அடித்தோ இறுக்கியிருந்தால் அது விரியாது. ஸ்டேஷனரிக் கடைகளில் ரெடிமேடாகக் கிடைக்கும் விலை குறைந்த கேன்வாஸ்களில் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான் இருக்கும். கீழே வரும் பாதி வைத்தியம் அதற்குப் பொருந்தாது.

அறிகுறி: கேன்வாஸ் தொளதொளவென்று இருக்கிறது

1. மழைக்காலமா என்று பாருங்கள். மதுரையில் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் நல்ல கேன்வாஸும் சற்றுத் தளரும். அப்போது ஆப்பை அடித்து இறுக்கினால், மாசி பங்குனியில் காற்று காய்ந்ததும் துணி அளவுக்கு மீறி இழுபடும். மூலையில் பெயின்ட் வெடிக்கும், ஸ்டேப்பிள் துணியைக் கிழிக்கும். மழை விட்டு ஒரு வாரம் வெயில் அடிக்கும்வரை பொறுங்கள். தானாக விறைத்துக்கொண்டால் வேலை முடிந்தது. சுவர் ஓதம் காக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். குளியலறைக்கு மறுபக்கச் சுவரில் மாட்டிய படம் வருஷம் முழுக்கத் தொய்ந்துதான் கிடக்கும்.

2. எட்டு ஆப்பும் இருக்கிறதா என்று எண்ணுங்கள். ஒன்று விழுந்திருந்தால் அந்த மூலை மட்டும் தொய்ந்திருக்கும். புது ஆப்பை அதே தடிமனில் கெட்டிக் கட்டையிலிருந்து, நார் நீளவாக்கில் ஓடும்படி செதுக்க வேண்டும். பிளைவுட் துண்டு வேண்டாம். இரண்டு அடி வாங்கியதும் பிளந்துவிடும்.

3. ஆப்பு எல்லாம் இருந்தால் இறுக்குங்கள். துணிக்கும் கட்டைக்கும் நடுவில் விசிட்டிங் கார்டைச் செருகிக்கொள்ளுங்கள். சுத்தி தவறினாலும் துணியில் தழும்பு விழாது. ஒரு மூலையில் இரண்டு ஆப்புக்கும் ஒவ்வொரு தட்டு, பிறகு எதிர்மூலை, பிறகு மற்ற இரண்டு. ஒரே மூலையை முழுசாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் சட்டம் கோணிக்கொள்ளும். இரண்டு சுற்று முடிந்ததும் நிறுத்தி, துணியை விரலால் சுண்டிப் பாருங்கள். தொப்பென்று கேட்டால் இன்னும் ஒரு சுற்று. மேளத்தில் தட்டினாற்போல் மந்தமாக அதிர்ந்தால் போதும். மூலை இடைவெளி ஒரு நூலைத் தாண்டினால் அதோடு விட்டுவிடுங்கள். அதற்கு மேல் விரித்தால், ஒரு கட்டையின் முனையில் நீட்டியிருக்கும் நாக்குக்கு, அடுத்த கட்டையில் அது நுழையும் காடியில் பிடி போய்விடும்.

4. இதுவும் பலிக்கவில்லை, அல்லது சட்டம் ஆணி அடித்த வகை என்றால் பிரித்து இழுத்து அடிக்க வேண்டியதுதான். நாலு பக்க நடுவிலும் முதலில் ஒவ்வொரு ஸ்டேப்பிள். பிறகு நடுவிலிருந்து மூலையை நோக்கி, எதிரெதிர்ப் பக்கமாக, இரண்டு இஞ்சுக்கு ஒன்று. மூலை கடைசியில். இழுக்க கேன்வாஸ் பிளையர் வேண்டும். துணி ஒவ்வொரு பக்கமும் இரண்டு இஞ்ச் உபரியாக இல்லையென்றால் பிளையருக்குப் பிடி கிடைக்காது.

படம் வரையாத வெறும் கேன்வாஸ் என்றால் பின்பக்கம் தண்ணீரை லேசாக ஸ்ப்ரே செய்து நிழலில் காயவிட்டால் பருத்தி சுருங்கி இறுகும். வரைந்த படத்துக்கு இதைச் செய்யவே கூடாது.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: பெயின்ட் ஏற்கெனவே வெடித்திருந்தால், அல்லது எண்ணெய் வண்ணம் தடிமனாக அப்பிய பழைய படம் என்றால், பிரிக்காதீர்கள். ஆசாரியிடமோ பிரேம் கடையிலோ கொடுக்கும் வேலையும் இல்லை அது. ஓவியப் பாதுகாப்பு நிபுணர்தான் தொட வேண்டும். கலை, பண்பாட்டு மரபைக் காக்கும் இன்டாக் (INTACH) அமைப்புக்கு இதற்கென்றே பாதுகாப்பு மையங்கள் உண்டு.

அறிகுறி: படத்தின் அடிப்பக்கம் மட்டும் புடைத்திருக்கிறது

விழுந்த ஆப்பு துணிக்கும் கீழ்க்கட்டைக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும். சில சமயம் சுவர்ச் சுண்ணாம்பு உதிர்ந்து கிடக்கும், பல்லி முட்டைகூட இருக்கும். படத்தைத் தலைகீழாகப் பிடித்து, பின்பக்கத்திலிருந்து கார்டால் மெல்லத் தள்ளுங்கள். ஸ்க்ரூ டிரைவர் விட்டு நெம்பாதீர்கள். எடுத்த ஆப்பைத் திரும்ப அடித்து, மறுபடி விழாமல் எட்டையும் மெல்லிய நாடாவால் கட்டையோடு சேர்த்து ஸ்டேப்பிள் அடித்துவிடுங்கள்.

அறிகுறி: மூன்று மூலை சுவரில் ஒட்டுகிறது, நாலாவது தூக்கி நிற்கிறது

முறுக்கல். கோளாறுகளில் இதுதான் தொல்லை பிடித்தது. வாங்கும்போதே கவனித்திருந்தால் வந்திருக்காததும் இதுவே.

முதலில் சுவரைச் சந்தேகப்படுங்கள். பூச்சு மட்டமில்லாத சுவர்கள் ஏராளம். படத்தைக் கழற்றி கிரானைட் சமையல் மேடையில் கவிழ்த்து வைத்து, எதிரெதிர் மூலைகளை மாறி மாறி அழுத்துங்கள். ஆடவில்லையென்றால் குற்றம் சுவருடையது. தூக்கி நிற்கும் மூலைக்குப் பின்னால் ரப்பர் துண்டு ஒட்டினால் தீர்ந்தது.

ஆடினால் நூல் சோதனை. பின்பக்கம் மூலைக்கு மூலை இரண்டு தையல் நூலைக் குறுக்காக, விறைப்பாகப் பிடியுங்கள். நடுவில் இரண்டும் ஒன்றையொன்று உரச வேண்டும். உரசாமல் இடைவெளி இருந்தாலோ, மேல் நூலைக் கீழ் நூல் தூக்கினாலோ சட்டம் முறுக்கியிருக்கிறது. மூன்றடிப் படத்தில் அரை நூல் வரை பொறுத்துக்கொள்ளலாம்.

காரணங்கள், செலவு குறைந்ததிலிருந்து:

சுவரில் சாய்த்து வைத்திருந்தது. மாதக்கணக்கில் ஒரு மூலையில் பாரம் தாங்கிய படம் அப்படியே படிந்துவிடும். ஆப்புகளைத் தளர்த்தி, தரையில் படுக்கவைத்து, தூக்கும் மூலையில் மட்டும் துணி சுற்றிய செங்கல் ஒன்றை இரண்டு மூன்று நாள் வையுங்கள்.

இழுத்தது சரியில்லை. ஒரு பக்கத்தில் கோணலாக இழுத்து அடித்திருந்தால் துணியே சட்டத்தை முறுக்கும். தூக்கும் மூலையைத் தொடும் இரண்டு பக்கங்களிலும் பாதிவரை ஸ்டேப்பிளைக் கழற்றிப் பாருங்கள். மூலை படிந்தால் காரணம் இதுதான். மறுபடி அடித்துவிடலாம்.

கழற்றியும் படியவில்லையா? அப்போது கட்டையே முறுக்கியிருக்கிறது. நாலையும் பிரித்து ஒவ்வொன்றையும் கிரானைட்டில் படுக்கவைத்தால் எது என்று தெரிந்துவிடும். அதை நிமிர்த்த முயல வேண்டாம். நனைத்து, கட்டி, பாரம் வைத்து நேராக்கிய கட்டை அடுத்த பருவத்தில் பழைய முறுக்குக்கே திரும்பும். அந்த ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நாலு கட்டைக்கும் நாக்கும் காடியும் ஒரே அளவில் வெட்டியிருந்தால்தான் இது நடக்கும்.

நாலடிக்கு மேற்பட்ட படம் முறுக்கினால் வீட்டில் வைத்துச் சோதனை செய்யாமல், ஸ்ட்ரெச்சர் செய்து பழகிய ஆசாரியிடம் காட்டுங்கள். கதவு ஜன்னல் செய்கிறவர் எல்லாருக்கும் இது கைவராது.

அறிகுறி: நீளப் பக்கங்கள் உடுக்கை மாதிரி உள்வாங்கியிருக்கின்றன

வெளி ஓரத்தில் மூலைக்கு மூலை நூல் பிடியுங்கள். நடுவில் எவ்வளவு இடைவெளி?

அரை நூலுக்குள் என்றால் அப்படியே விடலாம்.

ஒரு நூல் வரை என்றால் குறுக்குச்சட்டம் இல்லாத குறை. நீளப் பக்கங்கள் இரண்டுக்கும் நடுவில் ஒன்று கொடுங்கள். அதன் நீளத்தை உள்வாங்கிய இடத்தில் அளக்காமல், மூலைக்குப் பக்கத்தில் கட்டை உள்வாங்காத இடத்தில் அளந்து வெட்ட வேண்டும். மேலும் அதன் முகம் துணியிலிருந்து குறைந்தது இரண்டு நூல் பின்தள்ளி நிற்க வேண்டும். இல்லாவிட்டால் படத்தின் நட்டநடுவே ஒரு கோடு விழும்.

அதற்கும் மேல் என்றால் கட்டை மெலிசு. குறுக்குச்சட்டம் வைத்தால் அது நடுவை மட்டும் தாங்கும், இரண்டு பக்கமும் தனித்தனியாக உள்வாங்கும். தடித்த கட்டைக்கு மாற வேண்டியதுதான். வழக்கமான கணக்கு: இரண்டடி வரை முக்காலுக்கு ஒன்றரை இஞ்ச் கட்டை போதும். மூன்றடியை நெருங்கினால் முக்காலுக்கு இரண்டு, கூடவே ஒரு குறுக்குச்சட்டம். நாலடிக்கு மேல் ஒன்றரை இஞ்ச் ஆழமுள்ள கட்டையும், கூட்டல் குறி போல இரண்டு குறுக்குச்சட்டமும். கனத்த லினன் துணி இழுப்பதாக இருந்தால் ஒரு படி மேலே போங்கள்.

அறிகுறி: படத்தின் ஓரமாக நாலு பக்கமும் நேர்க்கோடு தெரிகிறது

பக்கவாட்டில் டார்ச் அடித்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். கட்டையின் உள்விளிம்பு துணியைத் தொடுவதால் விழும் கோடு இது. நல்ல ஸ்ட்ரெச்சரில் துணி வெளி ஓரத்து விளிம்பில் மட்டும் படும். அங்கிருந்து முகம் உள்பக்கமாகச் சரிந்து போகும். துணிக்கும் கட்டைக்கும் நடுவில் விசிட்டிங் கார்டை விட்டு நாலு பக்கமும் ஓட்டிப் பாருங்கள். இடிக்காமல் ஓடினால் சரிவு இருக்கிறது. ஓடியும் கோடு வருகிறதென்றால், வரையும்போது கத்தியாலோ பிரஷாலோ அழுத்தித் துணி உள்ளே போய்த் தட்டுகிறது. துணியை விறைப்பாக்குங்கள், ஓரத்தில் கை லேசாகட்டும்.

கார்டு சிக்கினால் தட்டையான ரீப்பரை அறுத்து அப்படியே சட்டமாக்கியிருக்கிறார்கள். துணியைக் கழற்றி, வெளி ஓரமாகக் கால்வட்ட பீடிங்கை (மெல்லிய மரப்பட்டி) நாலு பக்கமும் பசை போட்டு ஒட்டினால் துணி இரண்டு நூல் தூக்கிக்கொள்ளும். மலிவான, நல்ல வைத்தியம். மூலையில் பீடிங்கைச் சாய்வெட்டாக (45 டிகிரியில்) வெட்டிச் சேருங்கள். ஆப்பு வைத்த சட்டம் என்றால் மூலைச் சேர்மானத்தில் பசை படவே கூடாது.

கோடு நெடுகப் பெயின்ட் வெடித்திருந்தால் மேலே சொன்ன நிபுணரிடம்தான்.

அறிகுறி: மூலை வாய் பிளந்திருக்கிறது

எந்தப் பக்கம் பிளந்திருக்கிறது என்று பார்த்தாலே காரணம் தெரியும்.

சாய்வெட்டின் உள்முனை மட்டும் திறந்து வெளிமுனை ஒட்டியிருந்தால் மரம் காய்ந்து அகலத்தில் சுருங்கியிருக்கிறது. ஈரக் கட்டையில் செய்த சட்டத்துக்கு இது அடையாள முத்திரை. வெளிமுனை திறந்திருந்தால் மரம் ஈரம் குடித்து உப்பியிருக்கிறது. ஓதச் சுவரிலிருந்து எடுத்துக் காயவிடுங்கள், தானாக மூடிவிடும். இரண்டு முனையும் ஒரே அளவு திறந்திருந்தால் யாரோ ஆப்பை இறுக்கியிருக்கிறார்கள். அது கோளாறே இல்லை.

சுருங்கிப் பிளந்த மூலைக்குள் மரத்தூளும் பெவிகாலும் குழைத்து அடைப்பது வழக்கம். பார்வைக்கு நன்றாக இருக்கும். பசை போட்டு மூடிய மூலை அதன்பின் விரியாது, அடுத்த தொய்வுக்கு வழியே இல்லாமல் போகும். மூலை ஆடாமல் இருந்தால் அப்படியே விடுங்கள்.

வெளி பிரேமுக்குள் படம் நுழையவில்லை என்றால் கோணல். மூலைவிட்டம் இரண்டையும் அளந்து ஒப்பிடுங்கள். 18க்கு 24 இஞ்ச் சட்டம் என்றால் வேலை இன்னும் சுலபம்: மூலைவிட்டம் சரியாக 30 இஞ்ச் வர வேண்டும். 36க்கு 48 என்றால் 60. நீளமாக வரும் மூலைவிட்டத்தின் இரண்டு முனைகளையும் உள்பக்கமாக அழுத்திப் பிடித்துச் சமன் செய்துவிட்டு ஆப்பை அடியுங்கள்.

அறிகுறி: பின்னால் மாவு கொட்டுகிறது

மைதா மாதிரி நைசான தூளும், குண்டூசித் தலை அளவு ஓட்டைகளும் இருந்தால் மரத்தைத் துளைக்கும் வண்டு. மண் பூசிய தடம் இருந்தால் கரையான்.

வண்டு இன்னும் உள்ளே இருக்கிறதா? தூளைத் தட்டித் துடைத்துவிட்டு அடியில் கறுப்புத் தாள் விரித்து ஒரு வாரம் வையுங்கள். புதுத் தூள் விழாவிட்டால் பழைய ஓட்டைதான், பயமில்லை. விழுந்தால் அந்தப் படத்தை மற்ற படங்களிடமிருந்து பிரித்துவிடுங்கள். வேப்பெண்ணெய், மண்ணெண்ணெய் தடவும் பழக்கம் உண்டு. மரத்துக்கு ஏதோ கொஞ்சம் பலன் கிடைத்தாலும், எண்ணெய் ஊறித் துணியில் ஏறினால் வெளியே எடுக்க வழியில்லை. கட்டையின் பின்பக்கத்தில் நாலைந்து ஓட்டைதான் என்றால் பூச்சிமருந்தை ஊசியால் ஓட்டைக்குள் மட்டும் செலுத்தி மெழுகால் அடைக்கலாம். அதற்கு மேல் என்றால் கட்டையை மாற்றுவதே மலிவு.

கரையான் என்றால் படத்தோடு நிற்காது. சுவரைப் பாருங்கள், அன்றே பூச்சிக்கட்டுப்பாட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

அறிகுறி: ஜெஸ்ஸோ பூசியதும் ஓரத்தில் பழுப்புக் கறை

ஜெஸ்ஸோ என்பது வரையும் முன் துணியில் பூசும் வெள்ளை அடிப்பூச்சு. அதில் உள்ள தண்ணீர் மரத்தின் சாயத்தை இழுத்துக்கொண்டு வந்திருக்கிறது. பைனில் கணு இருந்தால் பிசினும் வரும். கட்டை மேல் நனைத்த வெள்ளைத் துணியைப் பத்து நிமிடம் அழுத்தி வைத்துச் சோதியுங்கள். சாயம் பிடித்தால் துணி ஏற்றும் முன் அரக்கு பாலிஷ் இரண்டு கை. துணி படும் விளிம்புக்குப் பூசினால் போதும். ஏற்கெனவே கறை பட்ட துணிக்கு மேலே மேலே ஜெஸ்ஸோ பூசுவதில் பயனில்லை, ஒவ்வொரு பூச்சிலும் கறை மேலேறும்.

கறை ஸ்டேப்பிளைச் சுற்றி மட்டும், செம்பழுப்பாக இருந்தால் அது துரு. ஸ்டெயின்லெஸ் ஸ்டேப்பிளுக்கு மாறுங்கள்.

புதுக் கட்டை எடுக்கும்போது

மேலே உள்ள தொல்லைகளில் முக்கால்வாசியைக் கடையிலேயே தடுக்கலாம். ஒவ்வொரு கட்டையையும் துப்பாக்கி பிடிப்பதுபோல் கண்ணருகே வைத்து, ஒரு கண்ணை மூடி, நீளவாக்கில் பாருங்கள். பிறகு கால் சுற்று திருப்பி மறுபடி. வளைவும் முறுக்கும் அப்போதே கண்ணில் படும். வெட்டுமுகத்தைப் பாருங்கள்: வளையங்கள் அகலமான முகத்துக்குச் செங்குத்தாக ஓடினால் நல்லது. மரத்தின் நடுமையம் கட்டைக்குள் தெரிந்தால் வைத்துவிடுங்கள், அது கட்டாயம் வெடிக்கும் அல்லது வளையும். நார் கட்டையின் ஓரத்தை நோக்கிச் சாய்ந்து வெளியேறினால் ஆப்பு அடிக்கும்போது நாக்கு பிளக்கும். நுனிகளில் கணு கூடாது. நடுவில் சின்னதாக, இறுகிய கணு ஒன்று இருந்தால் பரவாயில்லை.

ஈரம்தான் முக்கியம். அறுவை மில்லிலிருந்து வந்த கட்டை தொட்டால் குளிர்ச்சியாகவும், தூக்கினால் அளவுக்கு மீறிய கனமாகவும் இருக்கும். மீட்டர் இருந்தால் 12 சதவீதத்துக்குள் காட்ட வேண்டும். இல்லையென்றால் சமையலறைத் தராசு போதும்: கட்டையை எடை போட்டு எழுதி வைத்து, நிழலில் குறுக்குக் குச்சி கொடுத்து அடுக்கி, வாரம் ஒருமுறை எடை போடுங்கள். இரண்டடிக் கட்டை ஒரு வாரத்தில் பத்து கிராம் இறங்கினாலும் இன்னும் காயவில்லை. தொடர்ந்து இரண்டு வாரம் எடை மாறாதபோதுதான் வெட்டலாம். சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் போட்டால் சீக்கிரம் காயுமே என்று தோன்றும். மேல்முகம் முதலில் சுருங்கிக் கட்டை வில்லாகிவிடும்.

எந்த மரம்? தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக், காய்ந்ததென்றால் சட்டத்துக்கு நல்ல மரம், லேசு, விலையும் குறைவு. காயாமல் வாங்கினால் முறுக்கு நிச்சயம். விரல்பூட்டு போட்டு, அதாவது சின்னத் துண்டுகளை விரல் கோத்தாற்போல் கோத்து ஒட்டிய பைன் கட்டை நேராக நிற்கும், பெரும்பாலான வேலைக்கு இதையே எடுக்கலாம். பேக்கிங் பெட்டியைப் பிரித்த பைன் வேண்டாம், ஆணி ஓட்டையும் கணுவுமாக இருக்கும். ரப்பர் மரம் உறுதி, ஆனால் மருந்தேற்றியதா என்று கேட்டு வாங்குங்கள், வண்டுக்குப் பிடித்த மரம் அது. மாமரமும் அப்படியே. யூகலிப்டஸ் பக்கமே போகாதீர்கள். தேக்கு அசையாது, ஆனால் இரண்டடிப் படத்துக்குத் தேக்குச் சட்டம் வீண்செலவு. பெரிய படம் என்றால் பழைய வீடு இடித்த தேக்கு கிடைக்கிறதா என்று பாருங்கள். காரைக்குடிப் பக்கத்துப் பழைய சாமான் கடைகளில் நிலை, உத்தரத் துண்டுகள் வரும். வைரம் பாய்ந்து பல பத்து வருஷம் காய்ந்த கட்டை, அறுத்த பிறகும் நேராகவே இருக்கும். அறுக்கும் முன் காந்தம் வைத்து ஆணி தேடச் சொல்லுங்கள், இல்லையென்றால் மில்காரர் வாளை ஒடித்துக்கொண்டு உங்களோடு சண்டைக்கு வருவார். எந்த மரமானாலும் பட்டையை ஒட்டிய வெள்ளைப் பகுதி முடிந்தவரை இல்லாமல் கேளுங்கள். பூச்சி முதலில் வைப்பது அங்கேதான்.

ஆசாரியிடம் 'கேன்வாஸ் பிரேம்' என்று மட்டும் சொன்னால் போட்டோ பிரேம் செய்து தந்துவிடுவார். இப்படிச் சொல்லுங்கள்: "அண்ணே, மூலையில சாய்வெட்டு, உள்ள நாக்கும் காடியும். பசையும் வேணாம் ஆணியும் வேணாம், ஆப்பு வைக்கணும். வெளி ஓரத்துல ரெண்டு நூல் அகலம் விட்டுட்டு முகத்தை உள்ள பாத்துச் சரிச்சு இழைச்சிருங்க, உள்ளோரத்துல ஒன்றரை நூல் எறங்கியிருக்கணும். வெளிமுனையைக் கொஞ்சமா உருட்டிருங்க, கூரா இருந்தா துணி அறுந்துரும்." சட்டம் வந்ததும் துணி ஏற்றாமல், மாட்டப்போகும் அறையிலேயே ஒரு வாரம் படுக்கவைத்து, மூலைவிட்டத்தையும் குறுக்கு நூலையும் மறுபடி பாருங்கள். மாறியிருந்தால் திருப்பிக் கொடுக்க அதுதான் நேரம். துணி ஏறிய பிறகு யாரும் திரும்ப வாங்க மாட்டார்கள்.